எந்த வருஷத்து வண்டி நல்லது?



பழைய டபிள் கெப் வாகனத்தைப் பற்றி ஒரு மௌலவி எழுதுகிறார் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடத் தோன்றும். சற்றுப் பொறுத்து வாசியுங்கள். இது உங்கள் வீட்டுக் கதைதான்.

வயலும் தோட்டமும் உள்ள எம்மவர் வீடுகளில் ஒரு பழைய கெப் வாங்கும் பேச்சு ஆரம்பித்தால் அது மாதக்கணக்கில் நீளும். ஆண்கள் முன் விறாந்தையில் அமர்ந்து "88 மொடல்தான் இரும்பு", "இல்லை, 94தான் திறம்" என்று தர்க்கம் செய்வர். தேநீர் கொண்டுபோய் வைக்கும் உங்களிடம் எவரும் அபிப்பிராயம் கேட்பதில்லை. ஆனால் கணக்குப் பார்த்துக் காசு போதாமற் போகும்போது எல்லோருடைய பார்வையும் உங்கள் கை வளையல்களின் பக்கம் திரும்பும். உங்கள் மஹர் நகை அந்த வண்டியில் சில்லாக மாறப்போகிறது என்றால், அந்த வண்டியைப் பற்றி நான்கு விஷயம் அறிந்துகொள்ளும் உரிமையும் உங்களுக்கு உண்டு.

பழைய வண்டிக்கு ஏன் இவ்வளவு கிராக்கி?

2020 மார்ச் மாதத்தில் எமது நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடத்தில் நாட்டுக்குள் இருந்த வாகனங்களே கைமாறின. பழைய இரும்புக்கும் பவுன் விலை வந்தது. கதவு திறந்த பின்னரும் வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதிய கெப் ஒன்று நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டுவதாயில்லை. எனவே முப்பது வயதைத் தாண்டிய வண்டிகளையே மக்கள் இன்னும் தேடித் திரிகிறார்கள்.

அப்படித் தேடப்படுபவற்றில் முன்னால் நிற்பது டொயோட்டா ஹைலக்ஸ். அதற்குக் காரணம் இல்லாமலில்லை. 1987இல் சாட் நாட்டுக்கும் லிபியாவுக்கும் இடையே பாலைவனத்தில் நடந்த சண்டையில் சாட் வீரர்கள் டொயோட்டா பிக்கப்களிலேயே விரைந்து சென்று போரிட்டார்கள். அந்தச் சண்டைக்கே 'டொயோட்டா யுத்தம்' என்று பெயர் வந்துவிட்டது. 2003இல் பிரித்தானியத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில் 1988ஆம் ஆண்டு டீசல் ஹைலக்ஸ் ஒன்றைக் கடலலையில் மூழ்கவிட்டார்கள், தீ வைத்தார்கள், இடிக்கப்படும் கட்டடமொன்றின் உச்சியில் நிறுத்தி அதனோடு சேர்த்து வீழ்த்தினார்கள். அப்படியிருந்தும் அது ஸ்டார்ட் ஆனது. '88 மொடல்' என்ற சொல்லுக்கு வந்த மவுசில் அந்த நிகழ்ச்சிக்கும் பங்குண்டு.

ஆனால் அன்று அலையில் மூழ்கியபோது அந்த வண்டிக்கு வயது பதினைந்து. இன்று உங்கள் வாசலுக்கு விலைக்கு வரும் 88க்கு வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. தொழிற்சாலையை விட்டு வெளியேறியது ஒரே வருடமாக இருக்கலாம்; அதன் பின்பு இரண்டும் வாழ்ந்த வாழ்க்கை ஒன்றல்லவே.

வருடங்களின் வரலாறு, சுருக்கமாக

ஹைலக்ஸ் ஜப்பானில் முதன்முதலாக வெளிவந்தது 1968இல். அப்போது பின் சில்லுகள் மட்டுமே இழுத்தன. நான்கு சில்லும் இழுக்கும் 'ஃபோர் வீல் டிரைவ்' வகை 1979இல்தான் சேர்ந்தது. 1983இல் உடலமைப்பு மாறியது. 1988இல் மீண்டும் மாறியது. அந்த அமைப்பு 1997 வரை ஓடியது. அதற்குப் பின் வந்தது இன்னொரு பரம்பரை.

இந்த வருடங்களுக்கிடையில் முக்கியமான வித்தியாசங்கள் இரண்டு. ஒன்று முன் சில்லுகளைத் தாங்கும் முறை. மற்றது என்ஜின்.

முன் சில்லுகளைத் தாங்க இரண்டு வழிகள் உள்ளன. பழைய வழியில் இரண்டு முன் சில்லுகளையும் ஒரே இரும்பு அச்சு இணைக்கும். மேலே வில்லுத் தகடுகள் இருக்கும். ஒரு சில்லு வரம்பில் ஏறினால் மற்றது பள்ளத்தில் அழுந்தி மண்ணைப் பற்றிக்கொள்ளும். உறுப்புகள் குறைவு; வில்லு உடைந்தால் ஊர்ப் பட்டறையிலேயே வேலையை முடித்துவிடலாம். ஆனால் உள்ளே இருப்பவரின் இடுப்பு ஒவ்வொரு குழியையும் எண்ணும். புதிய வழியில் ஒவ்வொரு சில்லும் தனித்தனியே ஏறி இறங்கும். தார் வீதியில் சொகுசாகப் போகும். ஆனால் மூட்டுகளும் ரப்பர்களும் அதிகம். சேற்றில் உழன்றால் அவை தேயும். அமெரிக்காவுக்குப் போன வண்டிகளில் 1986ஆம் ஆண்டு மொடலிலிருந்து இந்தப் புதிய முறை வந்துவிட்டது. வேறு பல நாடுகளுக்குப் போன வேலைக் கெப்களில் 1997 வரை பழைய அச்சு முறையே இருந்தது. ஆகவே ஒரே வருடத்துக்குரிய இரண்டு வண்டிகளில் ஒன்று அச்சு வண்டியாகவும் மற்றது தனிச்சில்லு வண்டியாகவும் இருக்க முடியும். குனிந்து கீழே பார்க்காமல் வருடத்தை மட்டும் கேட்டால் இது தெரியவராது.

என்ஜினும் அப்படித்தான். 1983க்குப் பின் வந்த டீசல் வண்டிகளில் 2.4 லீற்றர் கொள்ளளவுள்ள '2எல்' என்ஜின் பரவலானது. 1988இல் தொடங்கிய பரம்பரையில் 2.8 லீற்றர் '3எல்' சேர்ந்தது. இரண்டும் எளிமையானவை. எனினும் சுமையோடு ஏற்றத்தில் ஏறும்போது 3எல் மூச்சு வாங்குவதில்லை. 2எல் என்ஜினோடு டர்போ பூட்டிய வகையில் சூடு மிஞ்சி ஹெட் வெடிக்கும் குறை கராஜ்களில் பிரசித்தம். நல்ல செய்தி என்னவென்றால், என்ஜின் தன் பெயரைத் தானே சொல்லும். வார்ப்பிரும்புப் பக்கத்தில் '2எல்', '3எல்' என்று புடைப்பாக எழுதியிருக்கும். எண்ணெய் அழுக்கைத் துணியால் துடைத்துவிட்டு வாசிக்கலாம்.

அப்படியானால் எந்த வருடம்?

கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் நழுவக் கூடாது. என் அபிப்பிராயம் இதுதான்.

வட்டைக்குப் பசளையும் விதைநெல்லும் ஏற்றிப் போய், பெரும்போகச் சேற்றில் இறங்கி, நெல் மூட்டையோடு திரும்புவதே வேலையென்றால், 1988 முதல் 1997 வரையான பரம்பரையில், டர்போ இல்லாத 3எல் என்ஜினும் முன் அச்சும் வில்லும் உள்ள வண்டியே நல்லது. அதற்கு முந்திய 1983–88 வண்டிகளை விருப்பத்துக்காக வைத்திருப்போர் வைத்திருக்கட்டும். உழைப்பை நம்பி வாங்கும் குடும்பத்துக்கு அவற்றின் உடல் பாகங்களைத் தேடி அலைவது பெரும் பாடு. அந்த ஒன்பது வருடத்துக்குள் இது உசத்தி, அது தாழ்த்தி என்பதில் பெரிய சாரமில்லை. துரு இல்லாத 89, துருப்பிடித்த 95ஐ விட எவ்வளவோ மேல்.

வயலுக்கு வாரத்தில் ஒரு நாள், மற்ற ஆறு நாளும் பாடசாலை, ஆஸ்பத்திரி, கலியாண வீடு என்றால், அந்த அச்சு வண்டி உங்களுக்கு உகந்ததல்ல. தனிச்சில்லு வண்டியைப் பாருங்கள். அல்லது கெப் எண்ணத்தையே விட்டுவிட்டு ஒரு வேனைப் பாருங்கள். கர்ப்பிணி மகளை அந்த வில்லு வண்டியில் ஏற்றிக் குன்றும் குழியுமான பாதையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும்போதுதான் விறாந்தைத் தர்க்கத்தின் விலை விளங்கும். அந்தக் காலத்து வேலைக் கெப்கள் பெரும்பாலானவற்றில் விபத்தில் காக்கும் காற்றுப் பையும் கிடையாது. பின்னாசனத்தில் இருக்கைப் பட்டி உண்டா என்று பார்க்க வேண்டும். பிள்ளைகளைப் பின் பெட்டியில் ஏற்றிச் செல்லும் வழக்கத்துக்கு நீங்கள் ஒருபோதும் சம்மதிக்காதீர்கள்.

ஆக, வேலை எதுவென்று முதலில் தீர்மானியுங்கள். வருடம் அதன் பின்னால் வரட்டும். விறாந்தையில் உங்களைக் கேட்க மறந்த கேள்வி இதுதான். ஏனெனில் அந்த வண்டியில் யார் யார், எங்கே, எத்தனை முறை போவார்கள் என்பது வீட்டில் உங்களைவிட எவருக்கும் திட்டமாகத் தெரியாது.

காகிதத்தின் வருடம், இரும்பின் வருடம்

பாவித்த வாகனத்துக்கு இரண்டு பிறந்த நாள் உண்டு. ஒன்று ஜப்பானில் தொழிற்சாலையை விட்டு வெளியேறிய வருடம். மற்றது இலங்கையில் பதிவான வருடம். ஜப்பானில் சில காலம் ஓடிய பின் ரிகண்டிஷனாக இங்கே வந்த வண்டிக்கு இவ்விரண்டுக்கும் இடையே பல வருடம் இருக்கும். இலக்கத் தகடு பதிவைத்தான் சொல்லும். விற்பவர் "96 வண்டி" என்றால் எது 96 என்று கேளுங்கள். பதிவுப் புத்தகத்தில் உற்பத்தி ஆண்டு தனியாக எழுதப்பட்டிருக்கும்.

அதோடு நின்றுவிடாமல் இரும்பையும் வாசிக்க வேண்டும். செஸி இரும்பிலே இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். அது 'எல்.என்.' என்று தொடங்கினால், 'எல்' டீசல் என்ஜின் குடும்பத்தையும் 'என்' ஹைலக்ஸையும் குறிக்கும். அந்த இலக்கமும் என்ஜின் இலக்கமும் புத்தகத்தோடு எழுத்துக்கெழுத்து ஒத்திருக்க வேண்டும். இலக்கத்தைச் சுற்றி அரம் போட்ட தடமோ புதிய ஒட்டு வேலையோ தெரிந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். புத்தகம் தற்போதைய விற்பனையாளரின் பெயரில் இல்லாமல், கையொப்பமிட்ட வெறும் படிவங்களோடு பல கை மாறி வரும் வண்டியும் உண்டு. அதிலும் இதே எச்சரிக்கை வேண்டும்.

இன்னுமொன்று. ஜப்பான் நாட்டுப் பாவனைக்கெனச் செய்யப்பட்ட டீசல் டொயோட்டாக்கள் பலவற்றின் முன் பலகையில் 'டி-பெல்ட்' என்றொரு விளக்கு உண்டு. வண்டி 1,00,000 கிலோமீற்றர் ஓடியதும் அது எரியும். என்ஜினுக்குள் இருக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றும் நேரம் வந்துவிட்டது என்பது அதன் பொருள். அந்தப் பெல்ட் ஓட்டத்தில் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி என்ஜினின் தலைப்பகுதியே நாசமாகும். சிலர் பெல்ட்டை மாற்றாமல் விளக்கின் பல்பைக் கழற்றிவிடுகிறார்கள். எனவே விளக்கு எரியவில்லை என்பதை அத்தாட்சியாகக் கொள்ளாதீர்கள். மாற்றிய பற்றுச்சீட்டைக் கேளுங்கள். அது இல்லையென்றால், வாங்கியவுடன் செய்யும் முதல் வேலை பெல்ட் மாற்றுவதாக இருக்கட்டும். அதற்குரிய செலவை விலையில் குறைத்துப் பேசுங்கள்.

மடி கட்டிய ஆடு

மத்ரஸாவில் வியாபாரப் பாடம் ஓதிக்கொடுக்கும்போது மாணவர்கள் ஆர்வத்தோடு கேட்கும் விஷயம் ஒன்றுண்டு. அக்கால அரபிகளில் சிலர் ஆட்டையோ ஒட்டகத்தையோ சந்தைக்குக் கொண்டுபோகுமுன் சில நாட்கள் பால் கறக்காமல் மடியைக் கட்டிவிடுவார்கள். மடி பருத்து நிற்கும். வாங்குபவர் இது நிறையப் பால் தரும் என்று எண்ணி விலையைக் கூட்டிக் கொடுப்பார். நபி (ஸல்) அவர்கள் இதைத் தடுத்தார்கள். அவ்வாறு ஏமாந்து வாங்கியவர் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம். இல்லையேல், கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்தோடு பிராணியைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று உரிமையும் வழங்கினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இந்தச் செய்தி பதிவாகியுள்ளது.

இன்று மடி கட்டுவது எப்படி? விற்பதற்கு முதல் வாரம் பெயின்ட் அடிப்பது. செஸியின் துருவைச் சுரண்டாமல் அதன்மேல் கறுப்புத் தார் பூசுவது. புகையை மறைக்கத் தடித்த எண்ணெய் ஊற்றுவது. மீற்றரைப் பின்னுக்குச் சுற்றுவது. வாங்குபவர் வருமுன் என்ஜினைச் சூடாக்கி வைப்பது. ஆடு மாறிவிட்டது, கயிறு அதேதான்.

சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருக்கக் கண்ட சம்பவம் உங்களுக்குத் தெரியும். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், மோசடி செய்பவருக்கும் தமக்கும் தொடர்பில்லை என எச்சரித்தார்கள். மழையில் நனைந்தது அவருடைய குற்றமல்ல. அதை அடியில் மறைத்ததே குற்றம். வண்டி பழையதாக இருப்பதும் குற்றமல்ல. முப்பது வருட வண்டியில் குறை இருக்கத்தான் செய்யும். அதைத் தெரிந்துகொண்டே சொல்லாமல் விற்பதுதான் ஹராம்.

"பார்த்து எடுங்க, பிறகு என்னிடம் வரக்கூடாது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், தெரிந்தே மறைத்த குறை ஹலாலாகிவிடாது. விற்பனைக்கு முன்பே இருந்து மறைக்கப்பட்ட குறை பின்னர் வெளிப்பட்டால், பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பது ஃபிக்ஹ் சட்டம். ஆனால் குறையைக் கண்டதும் தாமதியாமல் செயற்பட வேண்டும். கண்ட பின்பும் வண்டியை ஒரு போகம் முழுக்க ஓட்டிவிட்டுத் திருப்பக் கூடாது. நாமே பார்த்து ஒப்புக்கொண்டு வாங்கிய குறைக்கும் அந்த உரிமை இல்லை. "இப்போது வேறொருவர் முற்பணத்தோடு வருகிறார்" என்று பொய்யாக ஒரு ஆளை உண்டாக்கி விலையேற்றுவதும் மார்க்கம் தடுத்த காரியமே.

கருவாட்டு வாடை

என் தங்கை வீட்டில் நடந்ததைச் சொன்னால் இது இன்னும் விளங்கும். மச்சான் விவசாயி. கெப் பார்க்கப் போகும்போது என்னையும் அழைத்தார். "நீங்களும் வாங்க மச்சான், மௌலவி கூட வந்தா பொய் சொல்ல மாட்டாங்க" என்றார். தங்கையையும் கூட்டிக்கொண்டு போவோம் என்றேன் நான். அவருக்கு அது விசித்திரமாகப் பட்டது. ஆனாலும் மறுக்கவில்லை. ஏனெனில் பாதிப் பணம் அவளுடைய நகையில் இருந்துதான் வரவேண்டியிருந்தது.

வண்டி பளபளவென்று நின்றது. "ஒரு டொக்டர் பாவித்த வண்டி, டவுனை விட்டு வெளிய போகல்ல" என்றார் விற்பவர். மச்சான் என்ஜின் மூடியைத் திறந்து பார்த்தார். நான் புத்தகத்தைப் பார்த்தேன். தங்கை பின்னாசனத்தில் ஏறி உட்கார்ந்தாள். பிள்ளைகளை வைத்துப் பார்ப்பதுபோல் அங்குமிங்கும் நகர்ந்தாள். காலடியில் கிடந்த ரப்பர் விரிப்பின் மூலையைத் தூக்கினாள். இறங்கி வந்து என் காதருகே மெல்லச் சொன்னாள்:

"காக்கா, எஞ்சினப் பத்தி நான் என்னத்தக் கண்டன்? ஆனா இது டொக்டர்ட வண்டியில்ல. கருவாட்டு வாடை வருது."

நாங்கள் கூட்டிச் சென்றிருந்த பாஸ் உடனே வண்டிக்குக் கீழே புகுந்தார். மீன் ஏற்றும் வண்டியில் ஐஸ் கரைந்து உப்புத் தண்ணீராக வடியும். அது பெட்டியின் இடுக்கால் இறங்கிச் செஸியில் தங்கி இரும்பைத் தின்னும். கறுப்புப் பூச்சின்மேல் பாஸ் திருப்புளியின் முனையால் குத்தினார். பின் சில்லுக்கு மேலே அது இரும்புக்குள் இறங்கிவிட்டது. நாங்கள் ஸலாம் சொல்லிவிட்டுத் திரும்பினோம்.

இரண்டு மாதத்துக்குப் பின் வேறொரு வண்டி கிடைத்தது. அதன் சொந்தக்காரர் வயதான ஹாஜியார், அவரும் விவசாயிதான். பெயின்ட் வெளிறிப்போயிருந்தது. விலை கேட்குமுன் அவரே சொல்லத் தொடங்கினார்: "இடது முன் சில்லுக்குள்ளால எண்ணெய் கசியுது. மூணாவது கியர் சில நேரம் கரகரங்கும். பின் கதவு கண்ணாடி இறங்காது. டைமிங் பெல்ட் ரெண்டு வருஷத்துக்கு முதல் மாத்தின, பில் இருக்கு." மச்சான் ஒவ்வொன்றுக்கும் திருத்தச் செலவைக் கணக்கிட்டு விலையைக் குறைத்துக் கேட்டார். ஹாஜியார் முழுவதும் குறைக்கவில்லை, பாதிக்குச் சம்மதித்தார். அந்தக் குறைகளை ஒரு கொப்பித் தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட்டார்கள். அது 90ஆம் வருடத்து வண்டி. மச்சான் ஆசைப்பட்ட 88 அல்ல. அல்ஹம்துலில்லாஹ், இன்றும் வட்டைக்குப் போய் வருகிறது.

வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசி, குறையை வெளிப்படுத்திக்கொண்டால் அவர்களுடைய வியாபாரத்தில் பரக்கத் உண்டாகும் என்றும், மறைத்துப் பொய் பேசினால் அந்தப் பரக்கத் அழிக்கப்படும் என்றும் ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் வாயிலாக ஹதீஸ் வந்துள்ளது. அந்தக் கொப்பித் தாளைக் காணும்போதெல்லாம் எனக்கு அதுவே நினைவுக்கு வரும்.

நீங்கள் பார்க்கக் கூடியவை

வண்டி பார்க்க நீங்களும் போனால் இவற்றைக் கவனியுங்கள். இவற்றுக்குக் கராஜ் படிப்பு தேவையில்லை.

போனவுடன் என்ஜின் மூடியின்மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால், முதலே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். ஆறும் வரை காத்திருந்து, அதன் பின் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். டீசல் என்ஜினின் நோய் குளிரில்தான் தெரியும்.

புகையைப் பாருங்கள். மிதிக்கும்போது சிறிது கறுப்பு வருவது பழைய டீசலுக்கு இயல்பு. நீலம் வந்தால் எண்ணெய் எரிகிறது. சூடேறிய பின்னும் வெள்ளைப் புகை விடாமல் வந்தால் ஹெட்டில் சந்தேகம் கொள்ளலாம். என்ஜின் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கொதிக்கும் கேத்தல் போலப் புகை குமுறி வந்தால் என்ஜின் உள்ளே தேய்ந்துவிட்டது. ரேடியேட்டர் மூடியை என்ஜின் ஆறியிருக்கும்போது மட்டுமே திறக்க வேண்டும். உள்ளே தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்று பாருங்கள்.

முன் சில்லுகளின் உட்பக்கம் கிரீஸ் கலந்த எண்ணெய் வழிந்திருக்கிறதா என்று பாருங்கள். அச்சு வண்டியில் அது வழமையான குறை, திருத்தக் கூடியதுதான். ஆனால் விலையில் அது பேசப்பட வேண்டும்.

ஃபோர் வீல் வேலை செய்கிறதா என்பதைத் தார் வீதியில் அல்ல, மணலிலோ சேற்றிலோ இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். இந்த வகை வண்டிகளில் முன் சில்லுகளையும் பூட்டிக்கொண்டு காய்ந்த தார் வீதியில் வளைத்து ஓட்டினால் பற்சில்லுகள் இறுகிக் கெடும். பல வருடம் அந்த நெம்புகோலைத் தொடாமலே ஓட்டியவர்களும் உண்டு. ஃபோர் வீலுக்கென்று கூடக் காசு கொடுத்துவிட்டு, முதல் மழையில் வரம்போரம் புதையும்போது அது வேலை செய்யவில்லை என்று அறிவதில் என்ன பயன்?

பாஸை நீங்களே கூட்டிப் போங்கள். கூலியையும் நீங்களே கொடுங்கள். விற்பவர் காட்டும் பாஸ், விற்பவரின் பாஸ்.

வளையல் விஷயம்

மஹர் உங்களுடைய சொத்து. நீங்கள் மனமுவந்து அதில் எதையேனும் விட்டுக்கொடுத்தால் கணவர் அதை அனுபவிக்கலாம் என்று ஸூரத்துன் நிஸாவின் நான்காம் வசனம் அனுமதிக்கிறது. மனமுவந்து என்பதே அங்கு நிபந்தனை. வெட்கத்துக்காகவோ, மாமியின் முகத்துக்காகவோ, மௌனமாகக் கழற்றிக் கொடுப்பது மனமுவந்து கொடுப்பதாகாது. கொடுக்க விரும்பினால் மூன்றில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள்: இது அன்பளிப்பா, கடனா, அல்லது வண்டியில் எனக்குப் பங்கா? கடனென்றால் எழுதிவையுங்கள். குர்ஆனின் மிக நீளமான வசனம், அல்பகராவின் 282ஆம் வசனம், கடனை எழுதி வைப்பதைப் பற்றியதுதான். எழுதச் சொல்வது நம்பிக்கையீனம் அல்ல. அல்லாஹ் கற்றுத்தந்த ஒழுங்கு. நகையை வட்டிக்கு அடகு வைத்து வண்டி வாங்குவதற்கோ ஒருபோதும் உடன்படாதீர்கள். முப்பது வருட வண்டி என்றைக்கு நின்றுபோகும் என்று எவருக்கும் தெரியாது. வட்டி மட்டும் ஒரு நாளும் நிற்காது.

ஆகவே சகோதரியே, அடுத்த முறை விறாந்தையில் "எந்த வருஷத்து வண்டி நல்லது?" என்ற பேச்சு எழுந்தால் தேநீர்த் தட்டோடு நீங்களும் ஒரு கதிரையை எடுத்துப் போட்டு அமருங்கள். வண்டி எதற்கு, யார் யார் அதில் போவார்கள், விற்பவர் குறையைச் சொன்னாரா, இலக்கங்கள் புத்தகத்தோடு ஒத்திருக்கின்றனவா, காசு எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். இவற்றுக்கெல்லாம் திருப்தியான பதில் கிடைத்தால் 89 என்றாலும் 95 என்றாலும் அதுவே உங்கள் குடும்பத்துக்கு நல்ல வருடம்.

எமது கொடுக்கல் வாங்கல்களில் உண்மையையும், எமது பயணங்களில் பாதுகாப்பையும், எமது உழைப்பில் பரக்கத்தையும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.